கடைமடை

பொட்டலம் கட்டித்தான் கொண்டுவந்தார் அதையும்.
டப்பாவைச் சுற்றி வாழையிலைத் துண்டு, அதன்மேல் காகிதம்,
நூலை நாலு சுற்றுச் சுற்றிப்
பல்லால் கடித்து அறுத்த முடிச்சு.
கோரிப்பாளையத்து ஆய்வகத்தின் ஜன்னலில்
பதினோரு வருஷமாக மலம் வாங்கி வைக்கிறேன்;
சால்னா பார்சல் போல யாரும் தந்ததில்லை.

பெயர்? சோலைமலை.
வயது? நாற்பத்திரண்டு.
தொழிலுக்கு எங்கள் தாளில் கட்டம் கிடையாது.
கேட்காமலே சொன்னார்: பரோட்டா மாஸ்டர்,
மாட்டுத்தாவணி, ராத்திரி டூட்டி.
டைபாய்டு வந்து போய் மூன்று மாதமாம்.
மாத்திரை இரண்டு கோர்ஸ், பிறகு ஊசி,
பிறகு இன்னொரு கோர்ஸ்.
காய்ச்சல் போய்விட்டது.
"வயிறு மட்டும் காலி வீடு மாதிரி கெடக்கு மேடம்.
என்னத்தப் போட்டாலும் எதிரொலிக்குது."

கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு உப்புநீர்,
குச்சி நுனியில் கொஞ்சம், மேலே மூடுசில்லு.
சீழணு இரண்டிலிருந்து நான்கு.
புழு முட்டை இல்லை. அமீபா இல்லை. ரத்தம் இல்லை.
இல்லை இல்லை என்று எழுதி முடித்தால்
நலம் என்று பொருள்.
இருந்துவிட்டு இல்லாமல் போனவற்றைக் குறிக்க
அந்தத் தாளில் இடமில்லை.
கோடிகோடியாய்க் குடியிருந்தவை;
டைபாய்டுக்கு விரித்த வலையில்
பெயர் தெரியாமல் சேர்ந்து செத்தவை.
அவற்றை எண்ணும் யந்திரம் எங்களிடம் இல்லை.
தெருவில் விளக்கு எரிகிறதா என்று
தூரத்திலிருந்து ஊகிப்பது போலத்தான் என் வேலை.

மேலூருக்குக் கிழக்கே, கால்வாய் முடியும் இடத்தில்
பிறந்தவள் நான்.
எனக்கு இது நீர்க்கணக்காகத்தான் புரியும்.
மைதா வழுக்கிக்கொண்டு இறங்கித்
தலைமடையிலேயே சர்க்கரையாகித் தீரும்.
சிறுகுடல் மேல்மடைக்காரன். அவன் பாய்ச்சியது போகக்
கீழே விட ஒன்றும் மிஞ்சாது.
பெருங்குடலில் எஞ்சியவை காத்துக் கிடக்கும்.
பசி முற்றினால் வெளியூர் போகத் தெரியாது அவற்றுக்கு;
இருக்கிற சுவரைச் சுரண்டித் தின்னும்.
நம் சுவர்.

நமக்குச் செரிக்காத ஏதோ ஒன்று
அதுவரை போய்ச் சேர வேண்டும்.
நாம் கைவிட்டதில் அவை அடுப்பு மூட்டும்,
நுரைத்துப் புளிக்க வைக்கும்,
வந்த புளிப்பில் ஒரு பங்கைச்
சுவருக்கே சோறாக ஊட்டும்.
வாடகை என்று சொல்லலாமா? தெரியவில்லை.

இதையெல்லாம் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது.
டாக்டர் மூன்று சொல்லில் முடித்தார்:
"நார்ச்சத்து நெறையாச் சேத்துக்கங்க."
சோலைமலை என் ஜன்னலுக்கே திரும்பி வந்தார்.
"நாருன்னா எது மேடம், பூக் கட்டுறதா?"
மெல்லச் சொன்னேன்:
சின்ன வெங்காயம். வாழைக்காய். தட்டைப்பயறு.
வடித்து ஆறவிட்ட சோறு.
முதலில் கொஞ்சமாக.
சிரித்தார் மனுஷன்.
ராத்திரிக்குப் பதினெட்டுக் கிலோ வெங்காயம் உரிக்கிறவர்;
ஒரு பல்லை வாயில் போட்டதில்லையாம்.

ஆறு வாரம் கழித்து, பஸ் தவறிய இரவில்,
கடைக்குப் பின்னால் அவரைப் பார்த்தேன்.
கவிழ்த்த எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து
ஆறிய சோறு, மோர், கடித்த வெங்காயம்.
"மொத வாரம் உள்ள ஒரே பஞ்சாயத்து.
கல்லுப் பக்கம் ஒருத்தன் நிக்கல மேடம்.
இப்பத்தான் சத்தம் அடங்கியிருக்கு."
குணமா என்று கேட்டேன்.
மாவுக் கையை
இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

அடுத்த பஸ்ஸுக்கு அரைமணி இருந்தது.
தம்பிக்குப் போன் போட்டேன்.
அணை திறந்து பதினாறு நாள்.
தண்ணி வந்துருச்சாடா?
"நம்ம மடைக்கு இன்னும் இல்லக்கா," என்றான் பெரியகருப்பன்.
"மூணாவது மடை வரைக்கும் ஈரம் தெரியுது.
வாய்க்கா காஞ்சு கெடந்துச்சுல்ல,
மண்ணு மொதல்ல குடிக்குது."